எச். பைலோரி இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வருமா? அந்த 18 சதவீதத்தின் கணக்கு

எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் "எச். பைலோரி பாசிட்டிவ்" என்று வந்த அன்று இரவே பெரும்பாலானவர்கள் போனை எடுத்துத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். முன்பெல்லாம் அல்சர், இரைப்பைப் புற்றுநோய் என்ற இரண்டும்தான் தேடலில் வந்து பயமுறுத்தும். 2024க்குப் பிறகு மூன்றாவதாகப் பெருங்குடல் புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. "வயிற்றில் இந்தக் கிருமி இருந்தால் குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் அதிகம்" என்று ஒரு வரி வரும். அதைப் படித்தவர் தூங்க மாட்டார்.

அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் கெடுதல், கிருமியால் பெருங்குடலுக்கு வரக்கூடிய கெடுதலைவிடப் பெரியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கிருமியைப் பற்றிச் சுருக்கமாக. ஹெலிகோபாக்டர் பைலோரி, சுருள் வடிவ பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இதை முதன்முதலாக வளர்த்தெடுத்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. இரைப்பைப் புற்றுநோய்க்காகத்தான் அந்த முடிவு, பெருங்குடலுக்காக அல்ல. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும்.

இனி அந்த 18 சதவீதம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி மருத்துவ அமைப்பு இருக்கிறது. 1999 முதல் 2018 வரை அங்கே எச். பைலோரி பரிசோதனை செய்துகொண்ட 8,12,736 பேரின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் 2,05,178 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கு, கிருமி இருந்தது. கிருமி இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிடப் பெருங்குடல் புற்றுநோய் வருவது 18 சதவீதமும், அதனால் இறப்பது 12 சதவீதமும் கூடுதலாக இருந்தது. கிருமி இருந்தும் சிகிச்சை எடுக்காதவர்களை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் நோய் வருவது 23 சதவீதம், இறப்பு 40 சதவீதம் கூடுதல். 2024இல் வெளிவந்த இந்த ஆய்வுதான் எல்லாச் செய்திகளுக்கும் ஊற்று.

18 சதவீதம் என்றால் 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று பொருளில்லை. இது ஒன்றோடொன்று ஒப்பிட்ட விகிதம். அமெரிக்காவில் ஒருவருக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம், அதாவது 1,000 பேரில் 40 பேர். அதற்கு மேல் 18 சதவீதம் என்றால் 40 என்பது 47 ஆகும். ஒரு ஊரில் 1,000 பேரில் 10 பேருக்குத்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே அதே 18 சதவீதம் 10 என்பதை 12 ஆக்கும். இந்தியாவில் இந்தப் புற்றுநோய் அமெரிக்காவைவிட வெகு குறைவு என்பதால், நமக்கு இரண்டாவது கணக்குதான் நெருக்கம். சிகிச்சையால் கிடைத்த பலனையும் அந்த ஆய்வே நேரடி எண்ணாகக் கொடுத்திருக்கிறது: 15 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்ததில் 0.23 முதல் 0.35 சதவீதம். 1,000 பேருக்கு மருந்து கொடுத்தால் 2 முதல் 4 பேர் அளவில் பலன். சிறிய எண்தான், ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடக்கூடியதும் அல்ல.

ஆனால் இந்தப் பலன் மருந்தால்தான் வந்ததா? எனக்கு உறுத்துவது அந்த 40 சதவீதம். கிருமிதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றால், நோய் வருவதில் எவ்வளவு வித்தியாசமோ ஏறக்குறைய அவ்வளவுதான் இறப்பிலும் இருக்க வேண்டும். இங்கே இறப்பில் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தும் சிகிச்சை எடுக்காமல் போகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். மறுபடி டாக்டரிடம் போகாதவர், வேறு நோய்களால் தளர்ந்து போனவர், மாத்திரை தொடர்ந்து சாப்பிட முடியாதவர். இப்படிப்பட்டவர் மலத்தில் ரத்தம் வந்தாலும் தாமதமாகத்தான் வருவார், கொலோனோஸ்கோபியும் (குழாய்க் கேமராவால் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள மாட்டார். மருந்து முறையாகச் சாப்பிட்டவரோ அதே டாக்டரிடம் போய்வந்துகொண்டிருப்பார். ஒரு தடவை கொலோனோஸ்கோபி செய்து, புற்றாக மாறுவதற்கு முன்பே பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியை வெட்டி எடுத்திருப்பார்கள். இந்த வேறுபாடுகளைப் புள்ளியியல் முறையில் சரிக்கட்ட முயல்வார்கள்தான். முழுக்கச் சரிக்கட்ட முடியாது. புகைப்பழக்கம், உடல் பருமன், ஏழ்மை மூன்றும் இதே போல் கிருமியோடும் புற்றுநோயோடும் ஒட்டிக்கொண்டு வருபவை. அதோடு படைவீரர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பெண்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இதற்கு முன்பே, 2019இல், அமெரிக்காவில் பத்துப் பெரிய ஆய்வுக் குழுக்களில் சேமித்து வைத்திருந்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள் 4,063 பேர், வராதவர்கள் 4,063 பேர். வந்தவர்களில் 41 சதவீதத்தினருக்கும் வராதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தது. கிட்டத்தட்ட சமம். ஆனால் கிருமி சுரக்கும் வேக்-ஏ என்ற நச்சுப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் வைத்திருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது 11 சதவீதம் கூடுதல் தெரிந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் அது 45 சதவீதம். எல்லா எச். பைலோரியும் ஒன்றல்ல என்பதைத்தான் இது சொல்கிறது என்று நினைக்கிறேன். சில வகைகள் முரட்டு வகைகள். ரிப்போர்ட்டில் வரும் வெறும் "பாசிட்டிவ்", உங்கள் வயிற்றில் இருப்பது எந்த வகை என்று சொல்லாது.

2023இல் ஜெர்மனியின் ம்யூனிக்கிலிருந்து வந்த எலி ஆய்வுதான் இந்த விஷயத்தில் மிகச் சுவையானது. குடலில் கட்டி வரும் மரபணுக் கோளாறோடு பிறந்த எலிகளுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்தார்கள். கிருமி இரைப்பையில்தான் குடியிருக்கிறது, ஆனால் கீழே குடலில் கட்டிகள் கூடின. குடலின் உட்சுவரில் சளியைச் சுரக்கும் செல்கள் குறைந்தன. சளியைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் பெருகின. அழற்சியைக் கட்டுப்படுத்த வேண்டிய நோயெதிர்ப்பு செல்கள் குறைந்து, தூண்டிவிடும் செல்கள் அதிகமாயின. ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஆரம்பத்திலேயே அகற்றிய எலிகளில் இந்த மாற்றங்கள் அடங்கின. இரைப்பையில் இருக்கும் ஒன்று இத்தனை அடி தள்ளி இருக்கும் பெருங்குடலை எப்படித் தொட முடியும் என்ற கேள்விக்கு இது நேர்மையான ஒரு விடை. கட்டி வருவதற்கென்றே வளர்த்த எலியில் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

பழைய விளக்கம் ஒன்றும் உண்டு: கேஸ்ட்ரின். இந்தக் கிருமி இருந்தால் அந்த ஹார்மோன் ரத்தத்தில் கூடுகிறது, அது பெருங்குடல் செல்களை வளரத் தூண்டும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் தினமும் சாப்பிடும் கேஸ் மாத்திரையும், அதாவது பேண்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையும், கேஸ்ட்ரினைக் கூட்டுகிறது. அவற்றை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் தெளிவாகக் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதனால் கேஸ்ட்ரின் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்பதில்லை.

நாடுகளை ஒப்பிட்டாலும் குழப்பம்தான். இந்தியப் பெரியவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள், பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. அங்கெல்லாம் கிருமி தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது, 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கூடிக்கொண்டே போகிறது. இளவயதில் கூடும் இந்தப் புற்றுநோய்க்கு எச். பைலோரி காரணமாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே போதும். அதற்காக தனி ஒருவருக்கு அது சிறிய ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாட்டுக்கு நாடு உணவும் உடல் எடையும் மதுவும் மாறும்போது இந்தச் சிறு விளைவு அதற்குள் மூழ்கிப்போகும்.

என் முடிவு இதுதான்: தொடர்பு இருக்கலாம், இருந்தால் சிறியது. கிருமியை அகற்றினால் பெருங்குடல் புற்றுநோய் குறையும் என்று குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனை எதுவும் நிரூபித்துக் காட்டவில்லை. இரைப்பைப் புற்றுநோய்க்கு அப்படிப்பட்ட சான்று இருக்கிறது. கொரியாவில், இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் நெருங்கிய ரத்த உறவினர்களுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்ததில் அந்தப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்ததாக 2020இல் வெளியிட்டார்கள். ஆகவே பாசிட்டிவ் என்று வந்தால் அல்சருக்காகவும் இரைப்பைக்காகவும் கிருமியை அகற்றுங்கள். பெருங்குடலுக்கும் கொஞ்சம் நன்மை கிடைத்தால் கிடைக்கட்டும்.

சரி, அகற்றுவது எப்படி? இங்கேதான் நிறையக் கெட்டுப்போகிறது.

முதலில் பரிசோதனை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது மலிவு, ஆனால் கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். பத்து வருடத்துக்கு முன் சிகிச்சை எடுத்தவருக்கும் பாசிட்டிவ் என்றே வரலாம். அதை வைத்து மருந்து தொடங்கக்கூடாது, கிருமி போய்விட்டதா என்று பார்க்கவும் அது உதவாது. மூச்சுப் பரிசோதனை, மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதத் துணுக்கு) பரிசோதனை, எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத் துணுக்கு, இந்த மூன்றும்தான் கிருமி இப்போது இருக்கிறதா என்று சொல்லும்.

மூச்சுப் பரிசோதனை எளிமையானது. இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக உண்டு. யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். இரைப்பை அமிலத்துக்கு நடுவே கிருமி பிழைப்பதே இந்த அம்மோனியாவால்தான். அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவை உங்களுக்குக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வரும். கார்பன் 13 முறையில் மருந்து குடிப்பதற்கு முன் ஒரு மூச்சு, குடித்து சுமார் அரை மணி நேரம் கழித்து ஒரு மூச்சு எடுப்பார்கள். கார்பன் 14 முறையில் ஒரு கேப்ஸூலை விழுங்கிவிட்டு 10 நிமிடம் கழித்து ஊத வேண்டும். சில இடங்களில் ஊதுவதற்கு ஒரு சிறிய அட்டை தருவார்கள். அதன் நடுவே உள்ள ஆரஞ்சு நிறப் புள்ளி மஞ்சளாக மாறும்வரை மெதுவாக, நிதானமாக ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் போதிய மூச்சு சேராது. கார்பன் 14இல் கதிரியக்கம் மிக மிகக் குறைவுதான். இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கார்பன் 13 முறையே சரி.

எண்டோஸ்கோபியில் எடுத்த துணுக்கை மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். அம்மோனியா வந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் எடுத்தால் போதாது, அதன் மேல்பகுதியிலும் எடுக்க வேண்டும். காரணம், கேஸ் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் கிருமி கீழ்ப்பகுதியை விட்டு மேலே ஏறிக்கொள்கிறது.

அந்தக் கேஸ் மாத்திரைதான் பரிசோதனையைக் கெடுக்கும் முதல் காரணம். பேண்டோப்ரசோல், ரேபிப்ரசோல் வகை மாத்திரையைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் (ஓர் உலோகச் சேர்ம மருந்து) இரண்டையும் 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இடையில் நெஞ்செரிச்சல் வந்தால் சாதாரண ஆன்டாசிட் குடிக்கலாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் பேண்டோப்ரசோல் போட்டுக்கொண்டே போய் மூச்சு ஊதி, "நெகட்டிவ்" என்று நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த நெகட்டிவை நம்ப முடியாது. பாசிட்டிவ் என்று வந்தால் மட்டும் நம்பலாம். அல்சரில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது எடுத்த துணுக்கு நெகட்டிவாக வந்தாலும் இப்படித்தான், சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கு வருவோம். காலை, மாலை என்று பிரித்து ஒரே அட்டையில் வரும் கிட் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் பார்த்திருப்பீர்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நம்பியிருக்கும் அந்த மூன்று மருந்துக் கூட்டு, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளிடம் தோற்றுப்போகிறது. சளி, இருமலுக்கெல்லாம் அந்தக் குடும்பத்து ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பழக்கியதன் விளைவு இது. எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று சோதித்துப் பார்க்காமல் அதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் தேர்வாக அது சொல்வது பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு, 14 நாள்.

ஒரு நாளில் அது எப்படி இருக்கும் என்றால்: காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன் அமிலம் குறைக்கும் மாத்திரை. அதன் பிறகு காலை, மதியம், மாலை, படுக்கப் போகும் முன் என்று நான்கு வேளை பிஸ்மத், டெட்ராசைக்ளின் 500 மில்லிகிராம், மெட்ரோனிடசோல். மெட்ரோனிடசோல் நம் ஊரில் 400 மில்லிகிராமாகக் கிடைக்கிறது, நான்கு வேளைக்கு 1,600 ஆகும். இந்தியாவில் இந்தக் கிருமி மெட்ரோனிடசோலுக்கு மிகப் பரவலாகவே எதிர்ப்புக் காட்டுகிறது. ஆனாலும் தினசரி அளவை ஒன்றரை முதல் இரண்டு கிராமாக வைத்து, பிஸ்மத்தோடு சேர்த்து, 14 நாளும் கொடுத்தால் அந்த எதிர்ப்பைப் பெருமளவு தாண்டிவிட முடிகிறது. 200 மில்லிகிராமாக மூன்று வேளை என்று குறைத்தால் தாண்ட முடியாது. நாளைக்கு 14 மாத்திரை, 14 நாளைக்கு 196. அதிகம்தான். மருந்தை எழுதும்போதே இந்த எண்ணைச் சொல்லிவிட்டால் நடுவில் விடுகிறவர்கள் குறைவார்கள் என்பது என் எண்ணம்.

எந்த அமில மாத்திரை என்பதிலும் வேறுபாடு உண்டு. பேண்டோப்ரசோல் 40 மில்லிகிராம், அமிலத்தைக் குறைக்கும் வலிமையில் ஒமிப்ரசோல் 9 மில்லிகிராமுக்குத்தான் சமம். ரேபிப்ரசோல் 20 மில்லிகிராமோ ஒமிப்ரசோல் 36க்குச் சமம். அமிலம் நன்றாகக் குறைந்தால்தான் ஆன்டிபயாடிக் வேலை செய்யும். பழக்கத்தில் பேண்டோப்ரசோலை எழுதிவிடுவது சிகிச்சை தோற்பதற்கு ஒரு சத்தமில்லாத காரணம். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

டெட்ராசைக்ளினைப் பாலோடும் தயிரோடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்ந்தால் குடலில் ஒன்றோடொன்று பிணைந்து உடலில் சேராமலே போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். படுத்தபடி விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இது கூடாது. கடையில் இல்லை என்று டாக்ஸிசைக்ளினை மாற்றிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது இந்தக் கிருமியிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் வாயில் உலோகச் சுவை இருக்கும், சிறுநீர் சற்றுக் கருத்துப் போகலாம். அந்த 14 நாளும் மது கூடவே கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர் பிஸ்மத் சப்சாலிசிலேட் வகையைத் தவிர்க்க வேண்டும்.

பிஸ்மத் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கருப்பாகும். இதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பிஸ்மத்தால் வரும் கருப்பு, சாதாரண மலம்தான், நிறம் மட்டும் மாறியிருக்கும். இரைப்பையில் ரத்தம் கசிந்து வரும் கருப்பு வேறு: தார் போலப் பளபளப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது, நாற்றம் தாங்க முடியாது. தலைசுற்றலோடு அது வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து முடிந்த பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்ப்பது, பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி. வலி நின்றுவிட்டது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அமில மாத்திரையே வலியை நிறுத்தியிருக்கும். ஒரு கணக்கு: மருந்து மார்ச் 14 அன்று முடிந்தால், மூச்சு அல்லது மலப் பரிசோதனை ஏப்ரல் 11க்கு முன் வேண்டாம். கேஸ் மாத்திரை தொடர்ந்துகொண்டிருந்தால் அதை மார்ச் 28க்குள் நிறுத்தியிருக்க வேண்டும். நடுவில் பல்வலிக்கோ காய்ச்சலுக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், கடைசி மாத்திரையிலிருந்து நான்கு வாரம் மறுபடி எண்ணுங்கள். கிருமி போகவில்லை என்று வந்தால் அதே மருந்தைத் திரும்பச் சாப்பிடுவதில் பயனில்லை, மருந்துக் கூட்டை மாற்ற வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செய்தபின் பெருங்குடலைப் பற்றிய கவலை தீர்ந்ததா? தீரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று தோன்றியதே இதற்காகத்தான்.

உண்மையான ஆபத்து வேறு வழியில் வருகிறது. 55 வயதுக்காரர் ஒருவர் களைப்பு என்று போகிறார். ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச்சத்தும் குறைவு. எண்டோஸ்கோபியில் எச். பைலோரி தெரிகிறது. இந்தக் கிருமி இரும்புச்சத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். "காரணம் கிடைத்துவிட்டது" என்று கிட் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் புற்று, கண்ணுக்குத் தெரியாமல் தினம் கொஞ்சம் ரத்தம் கசிந்து இதே ரத்தசோகையைத்தான் உண்டாக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, மலச்சிக்கலும் இருக்காது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்தால், வயிற்றில் கிருமி கிடைத்தாலும் பெருங்குடலையும் பார்த்தே ஆக வேண்டும். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டையும் ஒரே நாளில் ஒரே மயக்க ஊசியில் செய்துகொள்ளலாம்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனையிலும் இதே தவறு நடக்கிறது. ஃபிட் என்ற நவீன வகை, மனித ஹீமோகுளோபினின் புரதப் பகுதியைத் தேடுகிறது. இரைப்பையில் கசிந்த ரத்தத்தின் புரதம் குடலைக் கடந்து வருவதற்குள் செரித்துவிடும். அதனால் ஃபிட் பாசிட்டிவ் என்றால், ரத்தம் பெரும்பாலும் பெருங்குடலிலிருந்துதான் வருகிறது. "எனக்கு அல்சர் இருக்கிறது, அதுதான்" என்று அதை ஒதுக்கிவிடக்கூடாது. பழைய அட்டை முறைப் பரிசோதனைக்கு இந்த வேறுபாடு தெரியாது, இறைச்சி சாப்பிட்டாலும் பாசிட்டிவ் ஆகும். லேபில் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலத்தைக் கழிப்பறைத் தண்ணீர் படாமல் ஒரு காகிதத்தில் பிடித்து, குச்சியால் நான்கைந்து இடத்தில் லேசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ஆழமாகக் குத்தினால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ரத்தம் தவறிப்போகும். தைவானில் ஒரே மல மாதிரியில் ஃபிட்டும் எச். பைலோரி ஆன்டிஜெனும் சேர்த்துப் பார்க்கும் பெரிய சோதனையே நடந்தது. அதன் 2024 முடிவில், இரைப்பைப் புற்றுநோய் எண்ணிக்கையில் திட்டமான குறைவு தெரியவில்லை. ஒரே டப்பாவில் இரண்டையும் பார்க்கும் வசதி மட்டும் நல்லது.

இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய்க்கென்று தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் இல்லை. வாய், மார்பகம், கருப்பை வாய் என்ற மூன்றோடு அரசுத் திட்டம் நின்றுவிடுகிறது. ஆகவே தாமாகப் போய்க் கேட்பவர்களுக்குத்தான் பரிசோதனை. அமெரிக்காவில் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது 60 வயதுக்குள் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு வந்த வயதிலிருந்து 10 கழித்த வயதிலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அப்பாவுக்கு 46இல் வந்தது என்றால் பிள்ளைக்கு 36. எச். பைலோரி இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த வயதை முன்னே நகர்த்தத் தேவையில்லை. மலத்தில் ரத்தம் வந்தால் வயதுக் கணக்கே கிடையாது. மூலம் என்று நாமே முடிவு செய்து, மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பதுதான் நம் ஊரில் மிக அதிகமாகக் காலத்தை விழுங்குகிறது. மூலமும் புற்றும் ஒருவரிடமே இருக்கலாம்.

கொலோனோஸ்கோபிக்குத் தேதி வாங்கிவிட்டால் ஒன்றைக் கவனியுங்கள். இரும்பு மாத்திரையை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும், சின்னப் பாலிப்புகள் அதன் அடியில் மறைந்துகொள்ளும். பிஸ்மத் கோர்ஸ் நடந்துகொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, முடிந்த பிறகு ஒரு தேதி கேளுங்கள். வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தை முதல் நாள் மாலை பாதி, மறுநாள் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் பாதி என்று பிரித்துக் குடித்தால், எல்லாவற்றையும் முதல் நாளே குடிப்பதைவிடக் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியாகப் போவது கலங்கல் இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருந்தால் தயார். பழுப்பாகவும் கலங்கலாகவும் போய்க்கொண்டிருந்தால், படுக்கையில் ஏறும் முன்பே அங்குள்ள நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.